பதினாலாம் எண் பூட்டு

காலையில் முதல் சண்டை ஒரு ஜோடி பூட்ஸுக்காக நடந்தது.

சின்னவன் அலமாரிக்கு முன்னால் நின்றான். அலமாரி பூட்டியிருந்தது. சாவி அவனுடைய அம்மாவின் இடுப்பில் இருந்தது.

"பூட்ஸைக் குடும்மா."

"குடுக்க மாட்டேன். வெறும் செருப்போட போனா கம்பத்துல ஏற விடமாட்டாங்க இல்ல? நல்லதாப் போச்சு. பேசாம வீட்டுல கிட."

"வேலை இருக்கு."

"ஊருக்கே வெளிச்சம் போட நீ ஒருத்தன்தான் இருக்கியா? மூணு மணி நேரம் நீ செத்துட்டேன்னு அழுதிருக்கேன்டா. அந்த அழுகைக்காவது ஒரு மரியாதை வேணாமா?"

அவன் மூன்று நாளாகக் கழற்றாத அதே நீலச் சட்டையோடு, செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டான். மேசையில் வைத்த தேநீர் வைத்தபடியே ஆறிக் கிடந்தது. நேற்று வைத்ததும் அப்படித்தான், முந்தாநாள் வைத்ததும் அப்படித்தான்.

இந்தப் பக்கத்தை இந்த வாரம்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போர் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. இந்த வீட்டுப் பெரியவன் ராணுவ லாரி ஓட்டிக்கொண்டு எல்லையில் இருக்கிறான். அவன் மனைவிதான் நம் அண்ணி. நகரத்து மின் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறைப் பதிவேடு எழுதுவது அவள் வேலை. சின்னவன் அதே நிலையத்தில் கம்பம் ஏறுகிறவன். மூன்று நாட்களுக்கு முன், தண்ணீர் நிலையத்துக்குப் போகும் லைனைச் சரிசெய்ய ஒருவர் கம்பத்தில் ஏறியிருந்தபோது பக்கத்தில் குண்டு விழுந்தது. முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் நிலை இல்லை. பதிவேட்டில் பதினான்கு என்று எழுதியிருந்தது. பதினான்கு சின்னவனுடைய எண். அண்ணிதான் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். எல்லைக்கும் தந்தி போனது.

மூன்று மணி நேரம் கழித்து, கிடங்குக்குப் போன லாரியில் கம்பிச் சுருளோடு வந்து இறங்கினான் சின்னவன், ஒன்றும் அறியாமல். செத்தது அவனோடு சேர்ந்து வேலை செய்கிற ஜோடி. நிலையத்தில் எல்லோரும் ஏணி என்று கூப்பிடுகிற நெட்டை மனிதர். காலையில் இரண்டு பேரும் வேலையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். காகிதத்தை யாரும் மாற்றவில்லை.

அந்த மூன்று மணி நேரமும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? புகார் மேசையில் போன் எடுக்கும் அக்கா. நிலையத்துக்கே அவள் புகார் அக்கா. ஏணியின் மனைவி. தன் புருஷன் கிடங்குக்குப் போயிருக்கிறார் என்ற நிம்மதியில், அடுத்தவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் லாரி வந்ததை அவள் பார்க்கவில்லை. அண்ணி பார்த்தாள். ஏணி உட்கார்ந்திருக்க வேண்டிய முன்சீட்டில் சின்னவன் இருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தைப் பற்றி அண்ணி இன்றுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"பெரியவன்கிட்ட இருந்து ஏதாவது வந்துச்சா?" என்று மாமியார் கேட்டாள்.

"இல்ல அத்தை."

"ரெண்டாவது தந்தி போய்ச் சேர்ந்திருக்குமா?"

"தம்பி உயிரோட இருக்கான்னு ரெண்டு தடவை அடிச்சாச்சு அத்தை. வழியெல்லாம் அடைச்சுக் கிடக்காம். வந்துடும்."

வந்துடும் என்று சொன்ன பிறகுதான், அப்படிச் சொல்லக்கூடாது என்று படித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. போன மாதம் நிலையத்தில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. மன முதலுதவி என்று பெயர். கையில் அடிபட்டால் கட்டுப் போடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி, மனது அடிபட்டவர்களுக்கு டாக்டர் வரும்வரை என்ன செய்யலாம் என்று ஒரு அம்மாள் வந்து சொல்லிக்கொடுத்தாள். முடிவில் ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். பார், கேள், உரியவர்களோடு சேர்த்துவிடு என்று மேலே மூன்று வரி. எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதே, அழாதே என்று அடக்காதே, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே என்று கீழே மூன்று வரி. அன்றிலிருந்து நிலையத்தில் அவளை, மனசுக்குப் பிளாஸ்திரி ஒட்டுகிற அம்மா என்று கேலி செய்தார்கள். கேலியில் முதல் ஆள் ஏணிதான்.

"தெரியல அத்தை. சேர்ந்துச்சா இல்லையான்னு எனக்கு நிஜமாவே தெரியல" என்று திருத்திச் சொன்னாள்.

மாமியார் அவளையே பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள். பூட்ஸை ஒரு பையில் போட்டு நீட்டினாள்.

"அவனா கேட்டா குடுக்காதே. ஆனா எடுத்துட்டுப் போ" என்றாள்.

நிலையத்தின் முற்றத்தில், அன்று அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன டிரைவர் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நகரத்தில் மூன்று நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த துணியால் வண்டியின் பின்பக்கப் பலகையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பலகையில் பெயின்ட் போய் மரம் தெரிய ஆரம்பித்திருந்தது.

அண்ணி பக்கத்தில் போய் நின்றாள். அவர் கையில் இருந்த துணியின் மறுமுனையைப் பிடித்தாள்.

"உட்காரலாமா அண்ணே?" என்றாள்.

இரண்டு பேரும் வண்டியின் படியில் உட்கார்ந்தார்கள்.

"வண்டில ஏத்தும்போது உசுரு இருந்துச்சும்மா" என்றார். "பதினாலுன்னு மேல இருந்து சொன்னாங்க. நானும் வழி முழுக்கப் பேசிட்டே வந்தேன். சின்னவா, பொறுத்துக்கடா, சின்னவா, இதோ ஆஸ்பத்திரி வந்துட்டோம்னு. வேற ஆள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டே கொண்டுபோயிருக்கேன். அவரு காதுல கடைசியா விழுந்தது அவரு பேர் இல்ல."

அண்ணி துணியின் முனையை விடாமல் பிடித்திருந்தாள்.

"காலு ஸ்டிரெச்சருக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. சின்னவனுக்கு அத்தனை நீளக் கால் ஏது? அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாமப் போச்சே."

"பேசிட்டே போனீங்களே அண்ணே" என்றாள் அண்ணி மெதுவாக. "தனியா அனுப்பலையே."

அவர் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அழாதீங்க என்று அவள் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை படியில் அவரோடு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"சாப்பாட்டு அறையில ரொட்டி இருக்கு. முதல்ல அதைச் சாப்பிடுங்க. அப்புறம் உங்களால ஒரு வேலை ஆகணும், நான் வந்து சொல்றேன்."

என்ன வேலை என்று அப்போது அவளுக்கே தெரியாது. ஆனால் சும்மா உட்கார வைத்தால் மறுபடியும் பலகையைத்தான் தேய்ப்பார் என்பது தெரிந்தது.

அதற்குள் மேலேயிருந்து பொறியாளர் ஆளனுப்பிவிட்டார்.

சுவிட்ச் அறை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். மூன்று நாளாகத் தாடி எடுக்காத முகம். கையில் பூட்டு வெட்டும் நீளமான கட்டர்.

"உங்க கொழுந்தன் உள்ள உட்கார்ந்திருக்கான். காலைல இருந்து ஒரு வார்த்தை பேசல. கட்டரோட நான் கிட்டப் போனா கைப்பிடியைக் கட்டிப் பிடிச்சுக்கறான்" என்றார்.

இங்கே பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பத்தில் ஏறுகிறவன் ஏறுவதற்கு முன் அந்த லைனின் சுவிட்சை நிறுத்தி, கைப்பிடியில் தன் எண் போட்ட பூட்டைத் தானே மாட்டுவான். சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வான். பூட்டு தொங்குகிறவரை யாராலும் மின்சாரம் விட முடியாது. இறங்கி வந்ததும் தானே திறந்து, பெயரைச் சொல்லி, "இறங்கியாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பதிவேடு எழுதுகிறவள் அதைத் திருப்பிச் சொல்லி நேரம் குறிப்பாள். ஒருவனுடைய பூட்டை இன்னொருவன் தொடக்கூடாது. பூட்டுக்காரன் உயிரோடு இருக்கும்போது அவன் கையெழுத்தில்லாமல் வெட்டவும் கூடாது. எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றிய சட்டம் இது.

"புதுக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, எல்லாம் காலைல முடிஞ்சுடுச்சு" என்றார் பொறியாளர். "இந்த ஒரு பூட்டுதான் பாக்கி. தண்ணி நிலையத்துக்குக் கரண்ட் போகணும். ஆஸ்பத்திரித் தொட்டி சாயங்காலத்துக்குள்ள காலி. ரெண்டு மணிக்கு நான் கேட்டுல நிக்கற காவல்காரங்களைக் கூப்பிட்டாகணும்மா. கூப்பிட்டா அவங்க இவனைத் தூக்கிட்டுப் போவாங்க. போர்ச் சட்டத்துல மின்சாரத்தைத் தடுத்தவனுக்கு என்ன தண்டனைன்னு உங்களுக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது.

"கதவைச் சாத்திட்டு வெளியே இருங்க சார்" என்றாள்.

சின்னவன் சுவிட்ச் பெட்டிக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே பூட்டு தொங்கியது. வலது மணிக்கட்டில் அழுக்கேறிய கட்டு. இடிபாட்டில் வழுக்கி விழுந்து சுளுக்கிக்கொண்ட கை அது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

அண்ணி எதிரே போய் உட்காரவில்லை. பக்கவாட்டில், ஒரு முழம் தள்ளி, அவனைப் போலவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் தரையில் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். வீட்டுக்கு வந்த கடைசிப் பாட்டில் அது.

பத்து நிமிடம் போனது. அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல தம்பி."

"அட்டையில இருக்கறதைப் படிக்கறீங்களா அண்ணி?" என்றான் அவன். மணிக்கணக்காகப் பேசாததால் குரல் கரகரத்தது.

"அட்டையில இதைச் சொல்லாதேன்னுதான் போட்டிருக்கு."

அவன் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா என்று சொல்ல முடியாது. கையை நீட்டிப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தான். மூன்று நாளில் அவன் தானாக எடுத்துக் குடித்த முதல் தண்ணீர் அதுதான்.

"அன்னிக்குக் காலைல நான் கட்டோட வந்தேன்" என்றான் அவன், கேட்காமலே. "ஏணி அண்ணன் பார்த்துட்டாரு. இந்தக் கையோட ஏறினா நீ விழுவே, நீ கிடங்குக்குப் போ, நான் ஏறறேன்னாரு. பேப்பர் என் நம்பர்ல இருந்துச்சு. மாத்தணும்னா அரை மணி நேரம். ஜனங்க குடத்தோட நிக்கறாங்கடா, உன் பூட்டைக் குடுன்னாரு. குடுத்தேன். சாவியையும் குடுத்தேன். சட்டத்தை நினைச்சுப் பார்த்தேன் அண்ணி. நினைச்சுப் பார்த்துட்டுத்தான் குடுத்தேன்."

உன் கதையைப் பேசாதே, அவர்கள் கதையைக் கேள் என்று அந்தப் பயிற்சி அம்மாள் பத்துத் தடவை சொல்லியிருந்தாள். நல்ல விதிதான். ஆனால் இவனைத் தனியாக விட்டுவிட்டுத் தான் மட்டும் சுத்தமாக உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.

"அவரு கதவுல நின்னு, பதினாலு ஏறறேன்னு சத்தம் போட்டாரு. பக்கத்துல ஜெனரேட்டர் ஓடிட்டு இருந்துச்சு. என் காதுல ஒரு போன். பேரையும் சொல்லணும், முகத்தையும் நான் பார்க்கணும். அதுக்குத்தான் என்னை அங்க உட்கார வச்சிருக்காங்க. நான் தலை நிமிரல தம்பி. பதினாலுன்னு எழுதிட்டேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தா, பூட்டு உங்களோடது இல்லையேண்ணேன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்."

அவன் திரும்பி அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. உன்கிட்டதான் சொல்றேன்."

ஜன்னல் கண்ணாடி தூரத்துக் குண்டுச் சத்தத்தில் ஒருமுறை அதிர்ந்தது. இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். வேறு பக்கம்.

"உனக்கு இப்ப என்ன வேணும்?" என்று கேட்டாள். பயிற்சியில் அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தபோது, இது ஒரு கேள்வியா என்று அவளே நினைத்திருக்கிறாள்.

சின்னவன் தலையைத் தூக்கிப் பூட்டைப் பார்த்தான்.

"பூட்டு தொங்குதுன்னா ஆள் மேல இருக்கான்னு அர்த்தம். நாமதான் அப்படி வச்சிருக்கோம். அந்தக் கட்டரை வச்சு வெட்டிட்டா, அவரு இறங்கவே இல்லைன்னு ஆயிடும் அண்ணி. அதுவும் என் பேர்ல. உங்க பதிவேட்டுல பார்த்தா, அந்தக் கம்பத்துல ஏறினது நான். எல்லையில இருக்கற அண்ணனுக்கு இன்னும் செத்தது நான். அவரு எங்க? அவரு எங்கயுமே இல்ல."

"சரி."

"வெட்டக்கூடாது. சாவி போட்டுத் திறக்கணும். அவரு பேரைச் சொல்லி இறக்கணும். பதிவேட்டுல அவரு பேர் ஏறணும். அதுக்கப்புறம் என்னை என்ன வேணும்னாலும் பண்ணட்டும்."

கேட்பது இவ்வளவுதானா என்று அண்ணிக்குத் தோன்றியது. மூன்று நாளாக வீட்டில் அத்தனை பேரும் அவனைச் சாப்பிடு, தூங்கு, மறந்துவிடு என்று படுத்தினார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்து வெளியே போனாள். மணி ஒன்று இருபது.

சாவி எங்கே என்பதில் சிக்கல் இல்லை. ஆஸ்பத்திரியில் ஏணியின் சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் ஒரு காகிதப் பையில் போட்டு மனைவியிடம் கொடுத்திருந்தார்கள். அண்ணி சாப்பாட்டு அறைக்குப் போனாள். டிரைவர் பாதி ரொட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வேலைன்னு சொன்னேனே. புகார் அக்கா வீட்டுக்குப் போய் அந்தப் பையில பதினாலு போட்ட சாவி இருக்கான்னு கேட்டு வாங்கிட்டு வரணும். அக்காவைத் தொந்தரவு பண்ண வேணாம். சாவி மட்டும் போதும்."

அவர் மீதி ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். நடையில் காலையில் இல்லாத வேகம் இருந்தது.

பொறியாளர் அவ்வளவு சுலபமாக மசியவில்லை.

"பதிவேட்டைத் திருத்தணுமா? எழுதினது எழுதினதுதான்மா. அடிச்சுத் திருத்தி ஏணி பேரை எழுதினா, பூட்டு எப்படி மாறுச்சு, எழுதினவங்க ஏன் பார்க்கலைன்னு விசாரணை வரும். உங்க ரெண்டு பேர் வேலைக்கும் ஆபத்து. வெட்டிட்டா, குண்டு விழுந்துச்சு, சாவி தொலைஞ்சுடுச்சு, பூட்டை வெட்டினோம்னு ஒரு வரியில முடிஞ்சுடும்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சேவா?"

"அவரு ஏறினாரு சார். ஏறினவரு பேர் அதுல இல்ல. நான்தான் தப்பா எழுதினேன், நானே திருத்திடறேன்."

பொறியாளர் கட்டரைச் சுவரில் சாய்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"ரெண்டு மணி வரைக்கும்தான்" என்றார்.

அண்ணி பதிவேட்டைத் திறந்தாள். அந்தத் தேதிக்கு நேரே தன் கையெழுத்தைத் தேடி எடுத்தாள். சின்னவனின் பெயரை ஒரே கோட்டால் அடித்தாள். பக்கத்தில் ஏணியின் முழுப்பெயரை எழுதினாள். அந்த மனிதருக்கு இப்படி ஒரு பெயர் இருந்ததே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஓரத்தில், "ஏறியவர் முகத்தைப் பார்க்காமல் எழுதியது என் பிழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்று நாற்பத்தைந்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணி ஜன்னலுக்கு ஓடினாள். முதலில் டிரைவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் புகார் அக்கா இறங்கினாள்.

சாவி மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பியது வீணாகிவிட்டது.

அக்கா படியேறி வந்தாள். நிலையத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. சுவிட்ச் அறைக்குள் நுழைந்து சின்னவனுக்கு முன்னால் நின்றாள். அவன் எழ முயன்றான். கால் மரத்துப் போயிருந்ததால் சுவரைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி எழுந்தான்.

"அக்கா" என்றான்.

அக்கா உள்ளங்கையை விரித்தாள். சாவி இருந்தது. அதன் வளையம் கரிபிடித்துப் போயிருந்தது.

"உன் கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "அன்னிக்கு எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. சின்னவன் கை சுளுக்கிடுச்சு, நான்தான் ஏறணும் போலன்னு. வேணாம்னு நான் சொல்லல. சரி, பார்த்துங்கன்னேன். அப்புறம் நம்பர் பதினாலுன்னாங்க. பேப்பரை நம்பி, நாமதான் தப்பாக் கேட்டிருப்போம், அவரு கிடங்குக்குத்தான் போயிருப்பாருன்னு நினைச்சுட்டேன். நினைக்கத்தான் ஆசையா இருந்துச்சு."

சின்னவன் விக்கி விக்கி அழ ஆரம்பித்தான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. வாசலில் நின்ற பொறியாளர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"திறப்பா" என்றாள் அக்கா கடைசியில். "ஆஸ்பத்திரியில தண்ணி இல்லையாமே."

அண்ணி பையிலிருந்து பூட்ஸை எடுத்து அவன் காலடியில் வைத்தாள்.

"அம்மா குடுத்தாங்களா?"

"நீயா கேட்டா குடுக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. நீ கேட்கலையே."

அவன் பூட்ஸை மாட்டினான். சுளுக்கிய கையால் சாவியைத் திருக முடியவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திருகினான். பூட்டு விட்டுக்கொடுத்தது.

அவன் திரும்பி நின்றான். கம்பத்திலிருந்து இறங்கி வருகிறவன் எப்படிச் சொல்வானோ அப்படி, முழுக் குரலில், ஏணியின் பெயரைச் சொன்னான். பதிவேட்டில் எழுதியிருக்கும் முழுப்பெயரை.

"இறங்கியாச்சு."

அண்ணி அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். இந்தத் தடவை தலை நிமிர்ந்து, அறையில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். "இறங்கியாச்சு. மணி ஒன்று ஐம்பத்தெட்டு." கதவோரம் நின்ற டிரைவர், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல, அதே பெயரை இரண்டு முறை சொன்னார்.

பொறியாளர் கைப்பிடியை உயர்த்தினார். பெட்டிக்குள் தடாலென்று சத்தம் கேட்டது. நகரத்தின் மறுகோடியில் தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்திருக்கும்.

டிரைவர் சின்னவனைத் தோளைப் பிடித்துச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனார். தன் பையிலிருந்த பாதி ரொட்டியை எடுத்து அவனுக்குக் கொடுத்ததை அண்ணி பார்த்தாள். அவன் வாங்கிக்கொண்டான். மாமியாரிடம் போய்ச் சொல்ல ஒரு நல்ல செய்தியாவது கிடைத்தது என்று நினைத்தாள்.

சுவிட்ச் அறையில் அவளும் அக்காவும் மட்டும் இருந்தார்கள். அக்கா திறந்த பூட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குக் கொண்டுவிடட்டுமா அக்கா?"

"போலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க."

"அன்னிக்கு உன் கையை நான் பிடிச்சுட்டு இருந்தேன் இல்ல? பன்னெண்டு மணியில இருந்து. விடாம நடுங்கிட்டே இருந்துச்சு. என்ன சொல்லியும் நிக்கல." அக்காவின் குரலில் கோபம் இல்லை. "அப்புறம் சட்டுன்னு நின்னுடுச்சு. பாவம், அழுது அழுது ஓய்ஞ்சுட்டான்னு நினைச்சு, உனக்குப் போர்வை கொண்டுவந்து போர்த்தினேன். அதுக்கப்புறமும் எவ்வளவோ நேரம் கழிச்சுத்தான் நீ எனக்கு விஷயத்தைச் சொன்னே."

அண்ணி போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"மூணு நாளா வேற எதையும் நான் நினைக்கல. அதை மட்டும்தான் நினைச்சுட்டு இருக்கேன்" என்றாள் அக்கா. "உன் கை எதைப் பார்த்து நின்னுச்சு?"

பக்கத்து அறையில், ஆளில்லாத புகார் மேசையில் போன் அடிக்க ஆரம்பித்தது. மூன்று நாளுக்குப் பிறகு தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறவர்களாக இருக்கும். இரண்டு பேரும் அதை எடுக்கப் போகவில்லை.

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் போட்டாள். இன்னொன்றை இழுத்துத் தனக்குப் போட்டாள். பக்கவாட்டில் போடவில்லை, எதிரிலேயே போட்டாள்.

"லாரியைப் பார்த்தேன்கா" என்றாள்.